இரட்டைப் பார்வைக்கு ஒரு கண்ணை மறைப்பதா, பிரிசம் கண்ணாடியா?

நாற்கரச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களில் சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதுண்டு. மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் நான்காவது நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் பிம்பங்கள் மேலும் கீழுமாகப் பிரிவதோடு, கீழே பார்க்கும்போது அது கூடுவதால், தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்குவதே அவர்களுக்குப் பெரும்பாடாகிவிடும்.

ஒரு கண்ணை மறைப்பது மலிவான, உடனே பலன் தரும் வழி. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப்பை ஒட்டினாலே இரண்டாவது பிம்பம் தொல்லை தராது. ஆனால் ஆழத்தைக் கணிக்கும் திறன் குறைவதால் பாசி படிந்த படியின் விளிம்பில் கால் தப்பலாம். முழுவதும் மூடினால் அந்தப் பக்கம் வரும் வண்டியும் கண்ணில் படாமல் போகலாம்.

பிரிசம் ஒளியைத் திருப்பி இரு பிம்பங்களையும் ஒன்றாக்குவதால் இரு கண்களும் சேர்ந்து இயங்குகின்றன. கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தகடாகவும் அது கிடைப்பதால், நரம்பு தேறத் தேற அளவை மாற்றிக்கொள்ளலாம். பார்வை சற்று மங்கும். பிம்பம் சாய்ந்தும் தெரிபவருக்கு முழுப் பலன் கிடைக்காது.

இரு பிம்பங்களுக்கும் இடையிலான விலகல் அடிக்கடி மாறும் தொடக்க வாரங்களில் மறைப்பே போதும் என்பதும், வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் அதோடு நின்றுவிடாமல், திருநெல்வேலி அரவிந்த் போன்ற கண் மருத்துவமனையில் விலகலை அளந்து பிரிசத்தை முயன்று பார்க்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. இரண்டுமே நரம்பைக் குணப்படுத்துவதில்லை; அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே தேறக்கூடும் என்பதால், அறுவை சிகிச்சைக்கு வழக்கமாக 6 மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். எதை அணிந்தாலும், மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது.