லோயரிங் ஸ்பிரிங் என்று என் பழைய ஸ்பிரிங்கையே வெட்டிக் கொடுத்த கோவை கடை

ஸ்விஃப்ட், போலோ மாதிரி வண்டிகளைக் கொஞ்சம் தாழ்த்தி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கோவையில் ஒரு மாடிஃபிகேஷன் கடையில் என் ஸ்விஃப்ட்டின் முன்பக்கத்துக்குப் புது லோயரிங் ஸ்பிரிங், புது கேஸ் ஷாக்கர் (குலுக்கலை அடக்கும், உள்ளே கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர்), வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் வாங்கினார்கள். மாட்டியதோ என் வண்டியில் இருந்த அதே ஸ்பிரிங். ஒரு சுற்றை அறுத்து, சிவப்பு பெயிண்ட் அடித்து எனக்கே விற்றுவிட்டார்கள். டெலிவரி அன்று பழைய பார்ட்ஸைக் கேட்டதற்கு, "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சுங்ண்ணா" என்று பதில் வேறு.

பார்க்க வண்டி அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்னால் 'டங்' என்று ஒரு சத்தம். போன் போட்டால், "புது ஸ்பிரிங் பாருங்க, கொஞ்சம் ஓடுனா செட் ஆயிரும்" என்றார் ஓனர். ஆகவில்லை. கோத்தகிரி ஏறும்போது கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அதே டங். அப்புறம் இரண்டு முன் டயர்களிலும் உள் ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய ஆரம்பித்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டவர், ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துச் சுற்றினார். சுற்றியது! வண்டியைத் தூக்கினாலும் ஸ்பிரிங் இரண்டு தட்டுக்கும் நடுவில் இறுக்கமாக நிற்க வேண்டும். கழற்றிப் பார்த்தால், கீழ்த்தட்டில் ஸ்பிரிங் நுனி முட்டி உட்கார வேண்டிய தடுப்பை நுனி தொடவே இல்லை. நுனியில் கிரைண்டர் டிஸ்க் இழுத்த கோடுகள் பெயிண்டையும் மீறித் தெரிந்தன. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் கம்பெனியின் கறுப்பு, அதன் மேல் மஞ்சள் அடையாளப் பொட்டு. ஸ்டியரிங் திரும்பும்போது இந்த நுனி தட்டில் வழுக்கி உட்காருவதுதான் அந்தச் சத்தம்.

வெட்டினால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: வேலை செய்கிற சுற்று ஐந்தில் ஒன்றை எடுத்தால் ஸ்பிரிங் 25 சதவீதம் விறைத்துவிடும். அதை அடக்க வேண்டிய ஷாக்கரோ மாற்றாத கம்பெனி வண்டிக்கானது, அதுவும் பழசு. 'புது' ஷாக்கரின் ராடை அமுக்கினால் உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை. கேஸ் இருந்தால் மெதுவாகவாவது மேலே வரும்.

இதையெல்லாம் பணம் போன கணக்கில் எழுதிவிடலாம். விட முடியாதது போல்ட் ஓட்டை. ஸ்விஃப்ட்டில் முன்பக்கம் கம்பெனியே அட்ஜஸ்ட் செய்யக் கொடுத்திருப்பது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) கிடையாது. தாழ்த்தினால் கேம்பர் மைனஸில் போகும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். அதற்கென்று கேம்பர் போல்ட் தனியாகக் கிடைக்கிறது. இவர்கள் ஷாக்கரை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் போல்ட் ஓட்டையையே அரம் போட்டு நீளமாக்கியிருந்தார்கள். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் ஓடுகிற வண்டியில் சக்கரத்தின் சாய்வு மாறும். மலையில் இறங்கும்போது அது நடந்திருந்தால்? டோவைத் தொட்டதாகவே தெரியவில்லை. கொடுத்த அலைன்மென்ட் தாளில் வண்டி நம்பர் இடம் காலி.

கேட்கப் போனதற்கு ஓனர் எடுத்த ஆயுதம் சட்டம். "கம்ப்ளைன்ட் பண்ணுனா மாடிஃபை பண்ணுன வண்டின்னு நீங்கதான் ஆர்.டி.ஓ.கிட்ட மாட்டுவீங்க." மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறாகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்தப் பயத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது என்பது என் கருத்து. ஆனால் பழையதைப் புதியது என்று விற்றது வேறு விவகாரம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

1915இல் பதிவு செய்துவிட்டேன். கழற்றிய ஸ்பிரிங், ஷாக்கர், ஜிபே ரசீது, அந்த நம்பர் இல்லாத தாள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. வண்டியில் இப்போது கம்பெனி ஸ்பிரிங்கும் ஷாக்கரும். இதே கடையில் வண்டியைக் கொடுத்து வேலை செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் முதலில் ஜாக்கி போட்டு ஸ்பிரிங்கைச் சுற்றிப் பாருங்கள், சுற்றினால் எனக்கு எழுதுங்கள்.