கோத்தகிரித் தேயிலைக்கு ஒரு பசுமைக் கப்பல் கட்டணம்: பணம் கொடுத்துப் பார்த்த அனுபவம்

கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய ஆர்த்தடாக்ஸ் (கொழுந்தைத் தூளாக்காமல் உருட்டிச் செய்யும்) தேயிலைக் கூடத்தை நடத்திவருகிறோம். 2025 ஜனவரியில் பனி விழுந்த நாட்களில் பறித்த கொழுந்தில் செய்த தேயிலையில் 900 கிலோவை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்துத் தேநீர் வணிகர் ஒருவர் வாங்கிக்கொண்டார். விலையும் மாதிரியும் பேசி முடிந்த பிறகு அவர் ஒரு நிபந்தனையை முன்வைத்தார்: சரக்கு கப்பலில்தான் வர வேண்டும், அந்தக் கப்பல் பயணத்தின் கரியமில வாயுவைக் குறைக்கும் கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்தியிருக்க வேண்டும், அதற்கான சான்றிதழ் அவர் கைக்கு வர வேண்டும். கட்டணத்தில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார். கோயம்புத்தூரில் உள்ள ஒரு சரக்கு முகவர் வழியாக அந்தச் சேவையை வாங்கினோம். அதே கோரிக்கை இப்போது குன்னூரிலும் கட்டபெட்டிலும் வேறு சிலருக்கும் வரத் தொடங்கியிருப்பதால், பணம் எங்கே போகிறது, கைக்கு என்ன வருகிறது என்பதை எழுதிவைக்கிறேன். முகவரின் பெயரையும் கப்பல் நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

கட்டணம் 4,140 ரூபாய். கிலோவுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. பனிக்காலத் தேயிலையின் ஏற்றுமதி விலையில் இது கண்ணுக்கே தெரியாத சிறிய தொகை. ஆனால் ஏலத்துக்குப் போகும் சாதாரணத் தூளில், கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் ஊரே பேசும் நிலையில், இதை யாரும் தாங்க மாட்டார்கள். ஆகவே இந்தச் சேவை யாருக்கு என்பது விலையிலேயே தெரிந்துவிடுகிறது.

முகவர் கொடுத்த வண்ணத் துண்டறிக்கையில் 'லாரா மேர்ஸ்க்' என்ற கப்பலின் படம் இருந்தது. 2023 செப்டம்பரில் கோபன்ஹேகனில் பெயர் சூட்டப்பட்ட, மெத்தனால் என்னும் ஆல்கஹால் வகை எரிபொருளில் ஓடக்கூடிய முதல் சரக்குப் பெட்டகக் கப்பல் அது. சுமார் 2,100 பெட்டகங்களை ஏற்றக்கூடிய சிறிய கப்பல். படத்தைப் பார்த்ததும் எங்கள் மூட்டைகள் அதில்தான் போகப்போகின்றன என்று என் பங்காளி ஒருவர் வீட்டில் சொல்லிவிட்டார். உண்மையில் எங்கள் சரக்கு கொச்சி வல்லார்பாடத்தில் ஏறியது மற்ற பெரும்பாலான கப்பல்களைப் போலக் கனரக எண்ணெயில் ஓடும் ஒரு கப்பலில்தான். அப்படியானால் 4,140 ரூபாய் எதற்கு?

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஆட்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. கோயம்புத்தூர் மில்காரர்கள் உடுமலைப் பக்கமோ ஆரல்வாய்மொழியிலோ காற்றாலை வைத்திருப்பார்கள். அங்கே சுற்றும் காற்றாடியின் மின்சாரம் கம்பி வழியே நேராக அவர்களுடைய மில்லுக்கு வருவதில்லை. அது மின்வாரியத்தின் பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது, மில்லின் மின்கட்டணத்தில் அத்தனை யூனிட் கழிக்கப்படுகிறது. கப்பல் கணக்கும் அப்படித்தான். நிறுவனம் தன் கப்பல்களில் ஏதோ ஒன்றில், ஏதோ ஒரு துறைமுகத்தில், கழிவு எண்ணெயிலிருந்து வடித்த டீசலையோ பசுமை மெத்தனாலையோ நிரப்புகிறது. அதனால் குறைந்த புகையைப் பணம் கொடுத்தவர்களின் பெயரில் பிரித்து எழுதுகிறது. மின்சாரமாவது ஒரே கம்பியில் கலக்கிறது, இங்கே கப்பலே வேறு. ஆயினும் புகை எந்தக் கடலில் குறைந்தாலும் வானம் ஒன்றுதான் என்பதால், கணக்கு நேர்மையாக இருக்கும்வரை எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபமெல்லாம் அந்தப் படத்தின்மேல்தான். சான்றிதழ் வந்தபோது எரிபொருள் என்ற இடத்தில் மெத்தனால் என்று இல்லை, 'கழிவுகளிலிருந்து பெற்ற பயோடீசல்' என்று இருந்தது. விற்பவர் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மெத்தனாலைக் குறைத்துச் சொல்லவில்லை. எண்ணெய் எரித்த பழைய கப்பலையே அதற்கு மாற்றலாம் என்று ஸ்வீடன்காரர்கள் 2015-இலேயே காட்டிவிட்டார்கள்: யோத்தெபோரியிலிருந்து ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்கு ஓடும் 'ஸ்டெனா ஜெர்மானிகா' அப்படி மாற்றப்பட்டதுதான். 2024-இல் வந்த 'ஆனே மேர்ஸ்க்' 16,000-க்கும் மேற்பட்ட பெட்டகங்களை ஏற்றக்கூடிய பெரிய கப்பல். சிக்கல் கப்பலில் இல்லை, எரிபொருளில்தான். மெத்தனாலில் லிட்டருக்கு அடங்கும் ஆற்றல் கப்பல் எண்ணெயில் பாதிக்கும் குறைவு என்பதால் தொட்டி இரண்டு மடங்குக்குமேல் வேண்டும். நிலக்கரியிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ செய்த மெத்தனாலை ஊற்றினால் பயனும் இல்லை. காற்று, சூரிய மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜனையும், உயிர்வாயுக் கூடங்களில் பிடித்த கரியமில வாயுவையும் சேர்த்துச் செய்யும் ஆலை டென்மார்க்கின் தெற்கே காஸ்ஸோ என்னுமிடத்தில் 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 42,000 டன் அதன் திறன். இத்தகைய பெரிய ஆலைகளில் அதுவே முதல் என்னும்போது மற்ற கப்பல்களின் நிலையை ஊகிக்கலாம். ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் கட்டத் தொடங்கிய இன்னொரு ஆலையை, நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்க ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி, 2024 ஆகஸ்டில் டென்மார்க்கின் ஆற்றல் நிறுவனமான ஓர்ஸ்டெட் கைவிட்டுவிட்டது. எங்கள் சான்றிதழில் பயோடீசல் வந்ததற்குக் காரணம் இந்தப் பற்றாக்குறைதான் என்று நினைக்கிறேன்.

இனி ரசீது. சரக்குக் கட்டணப் பட்டியலில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வரிகள் இருந்தன. முதல் பார்வையில் ஒரே செலவை இரண்டு முறை வாங்குகிறார்கள் என்றே நினைத்தேன். ஒன்று கட்டாயம், மற்றொன்று நாம் கேட்டு வாங்கியது. கட்டாயமானது ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டத்தால், அதாவது விடும் புகைக்கு ஏற்ப உரிமம் வாங்கவைக்கும் திட்டத்தால், வருவது. 2024 முதல் கப்பல்களும் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. அந்த ஆண்டின் உமிழ்வில் 40 சதவீதத்துக்கும், 2025-இன் உமிழ்வில் 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுவதுக்கும் அவை உரிமம் வாங்கி ஒப்படைக்க வேண்டும். கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போவதுபோல ஒரு முனை வெளியே இருக்கும் பயணத்தில் பாதி உமிழ்வு மட்டுமே கணக்கில் வரும். நிறுவனங்கள் இந்தச் செலவை நம் தலையில் வைத்துவிடுகின்றன. இதைக் கொடுப்பதால் நம் சரக்கின் புகை குறைந்துவிட்டதாகச் சான்றிதழ் எதுவும் கிடைக்காது. இரண்டாவது வரிக்குத்தான் சான்றிதழ். முகவர் இதை விளக்கவில்லை. வாங்குபவர் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதே இடத்தில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு இன்றுவரை சரியான பதில் வரவில்லை. 2025 ஜனவரி முதல் ஐரோப்பாவில் இன்னொரு சட்டமும் நடப்பில் இருக்கிறது: கப்பல்கள் எரிக்கும் ஆற்றலின் மாசுச் செறிவை, அதாவது ஓர் அலகு ஆற்றலுக்கு வெளிவரும் புகையின் அளவை, இப்போது 2 சதவீதமும், 2030-இல் 6 சதவீதமும், 2050-இல் 80 சதவீதமும் குறைத்தாக வேண்டும். சட்டத்துக்காக எப்படியும் ஊற்ற வேண்டிய பயோடீசலையே எனக்கும் தனியாக விற்றிருக்கிறார்களா, அல்லது என் பணத்தால் அதற்கு மேலே ஒரு லிட்டராவது கூடுதலாக ஊற்றப்பட்டதா? முகவர் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த தம்பி மரியாதையாகவே பேசினார், 'அது நிறுவனத்தின் கொள்கை சார்' என்றார். கொள்கை என்ன என்பதுதானே கேள்வி. இந்தச் சேவைக்கு மதிப்பெண் குறைக்க எனக்குத் தோன்றிய முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் தாமதம். சரக்கு மார்ச் முதல் வாரம் ஏறியது. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் நடந்த தாக்குதல்களால் பெரும்பாலான கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் சரக்கும் அப்படியே போனது. பத்து முதல் பதினான்கு நாட்கள் கூடுதல், அத்தனை கூடுதல் எண்ணெயும்கூட. அதில் முகவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரக்கு மே மாதம் ஆர்ஹுஸில் இறங்கிவிட்ட பிறகு, ஜூன் மாதமே தருவதாகச் சொன்ன சான்றிதழ் ஆகஸ்டு நடுவில்தான் வந்தது. வந்ததிலும் எடை 9,000 கிலோ என்று இருந்தது. ஒரு சுழி அதிகம். எங்கள் கூடத்தின் முழு ஆண்டு ஆர்த்தடாக்ஸ் உற்பத்தியே அவ்வளவு வராது. நான் பேசாமல் இருந்திருந்தால் செய்யாத புண்ணியத்துக்குப் பத்து மடங்கு கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். திருத்தக் கேட்டு எழுதினேன், இரண்டு வாரத்தில் சரிசெய்து அனுப்பினார்கள். திருத்திய பிரதியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணம்) எண், ஏறிய இடம், இறங்கிய இடம், தவிர்க்கப்பட்ட கரியமில வாயு எத்தனை கிலோ, கணக்கைச் சரிபார்த்த வெளித் தணிக்கையாளர். வாங்குபவர் அதைச் சட்டம்போட்டுக் கடையில் மாட்டிப் படம் அனுப்பியிருக்கிறார்.

அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது. அந்தப் பக்கத்து நாடுகளில் இது தனிமனித நல்லெண்ணமாக மட்டும் நிற்கவில்லை. நார்வேயில் ஃபியோர்டு என்னும் ஆழ்ந்த கடற்கால்களைக் கடக்கும் படகுகள் நெடுஞ்சாலையின் தொடர்ச்சியாகவே கருதப்படுகின்றன. அவற்றை நடத்த அரசு விடும் டெண்டரிலேயே மாசு குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அப்படி 2015-இல் வந்ததுதான் லாவிக்குக்கும் ஓப்பெடாலுக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'ஆம்பியர்', கார்களை ஏற்றிச் செல்லும் முதல் முழு மின்கலப் படகு. அந்தக் கரைக் கிராமங்களின் மின்கம்பிகள் நம் மலைக் கிராமங்களைப் போலவே மெலிந்தவை; பத்து நிமிடத்தில் ஒரு படகுக்கு வேண்டிய மின்சாரத்தை உறிஞ்சினால் ஊரே இருட்டாகிவிடும். எனவே இரு கரையிலும் பெரிய மின்கலங்களை வைத்தார்கள். மெல்லிய குழாயில் நாளெல்லாம் நிரம்பும் தொட்டியிலிருந்து ஒரே நேரத்தில் திறந்துவிடுவதைப்போல, கரையின் மின்கலம் மெதுவாக நிரம்பி, படகு வந்து நிற்கும் சில நிமிடங்களில் அதற்கு மாற்றிக்கொடுக்கிறது. மாலையில் மின்னழுத்தம் இறங்கி ரோலர் இயந்திரம் முனகும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். குந்தாவும் பைக்காராவும் இங்கேயும் இருக்கின்றன, ஆனால் தமிழ்நாட்டின் தேவைக்கு அவை ஓர் ஓரத்துக்குத்தான் காணும்.

இந்தப் படகுகளின் வெற்றியைக் காட்டி எங்கள் சரக்கின் கட்டணத்தை விற்கும் துண்டறிக்கை வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். பத்து இருபது நிமிடக் கடப்புக்கு மின்கலம் போதும். கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு மின்கலத்தில் வர முடியாது.

விமானச் சேவையைப் பற்றி ஒரு பத்தி. விலை பேசும் காலத்தில் ஆர்ஹுஸுக்கு மூன்று முறை மாதிரிப் பொட்டலங்கள் விமானத்தில் போயின, ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு கிலோவை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகக் கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு புகை விடும் என்பதால், இதற்கும் பசுமை எரிபொருள் கட்டணம் உண்டா என்று கூரியரில் கேட்டோம். உண்டு என்றார்கள், கொடுத்தோம், சான்றிதழ் வரவில்லை, ரசீதில் ஒரு பச்சை இலைச் சின்னம் மட்டும் வந்தது. இந்தப் பகுதிக்கு நான் மதிப்பெண்ணே தர மாட்டேன். எரிபொருளில் குறை இல்லை. 2016-இலேயே ஆஸ்லோ விமான நிலையம் தன் பொது நிரப்புக் குழாயில் இந்த வகை எண்ணெயைக் கலந்து எல்லா நிறுவனங்களுக்கும் கொடுத்தது. 2020 முதல் நார்வேயில் விற்கும் விமான எரிபொருளில் 0.5 சதவீதம் மேம்பட்ட உயிர் எரிபொருள் இருந்தாக வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். 2025 முதல் ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் 2 சதவீதம். சமைத்து மிஞ்சிய எண்ணெயும் விலங்குக் கொழுப்பும்தான் இதன் முக்கிய மூலப்பொருள்கள், அவற்றை வடிப்பதில் பின்லாந்தின் நெஸ்டே உலகின் முன்னணி நிறுவனம். குன்னூர் பஜ்ஜிக் கடைகளின் எண்ணெயையெல்லாம் சேர்த்தாலும் ஒரு விமானம் ஒருமுறை பறக்கக் காணுமா என்பது சந்தேகம். அந்தப் பொருளுக்கு உலகம் முழுவதும் போட்டி. அதோடு ஸ்வீடன் 2018-இல் கொண்டுவந்த விமானப் பயண வரியை 2025 ஜூலையில் எடுத்துவிட்டது. அதே 2025 ஜனவரியில் டென்மார்க் புதிதாக ஒன்றைப் போட்டது. அண்டை வீட்டுக்காரர்களுக்குள்ளேயே ஒரு முடிவு இல்லை.

கட்டணத்தில் அடங்காதவற்றையும் குறிப்பிட வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, பாலக்காடு வழியாகக் கொச்சிக்கு மூட்டைகளைக் கொண்டுபோன டீசல் லாரி இந்தக் கணக்கில் இல்லை. முகவரிடம் அதற்குத் திட்டமும் இல்லை. டிரையருக்குச் சூடு கொடுக்கும் எங்கள் விறகடுப்பும் இல்லை. வாங்குபவர் சென்ற மாதம் அந்த அடுப்பில் என்ன மரம் எரிக்கிறீர்கள், எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார். கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பக்கத்துத் தோட்டத்தில் ஏலம் எடுத்தது என்று பதில் போட்டேன். ரசீதின் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கணக்கு முறைக்கு நான்கு கொடுக்கலாம், விற்கும் முறைக்கு இரண்டுதான். வரும் பனிக்காலச் சரக்குக்கும் அதே முகவரிடமே பதிவு செய்திருக்கிறோம். ஆனால் எரிபொருள் எது, சரக்கு இறங்கிய எத்தனை நாளில் சான்றிதழ் வரும், அது சட்டக் கட்டாயத்துக்கு மேற்பட்டதா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. மாதிரிகளை இம்முறை மூன்று தடவையாக அனுப்பாமல் ஒரே பொட்டலமாகப் பிப்ரவரியில் அனுப்புவதாக வாங்குபவரிடம் சொல்லியாகிவிட்டது.