குதிரை ரேஸ் டிப்ஸுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

டெலிகிராமில் "நாளை பெங்களூரு நாலாவது ரேஸ், ஷ்யூர் வின்" என்று வரும் செய்தியைப் பார்த்துப் பணம் அனுப்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்தது சென்னை கிண்டி ரேஸ் மைதானத்தில், 2019 டிசம்பரில். அப்போது டிப்ஸ் விற்ற ஆள் கண்ணெதிரே நின்றார். இப்போது போனுக்குள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கின் வேலி ஓரம்தான் அவர் பழக்கம் ஆனார். ஐம்பது வயதிருக்கும். "தம்பி, அந்த அஞ்சாம் நம்பர் தோலு எப்படி மின்னுது பாருங்க. காலையில டிராக்ல ஓடினதை லாயத்துல இருக்கிற என் மச்சான் பார்த்திருக்கான்" என்றார். அன்று ஓடும் குதிரைகளின் பட்டியல் இருக்கும் என் ரேஸ் புக்கை வாங்கி, சிவப்புப் பென்சிலால் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டத்தின் முடிவில் ஒரு சின்ன வால் இழுப்பார். காசு எதுவும் கேட்கவில்லை. "என் பேருக்கு ஒரு இருநூறு ரூபாய் டிக்கெட் மட்டும் சேர்த்து எடுத்துடுங்க" என்றார். அந்தக் குதிரை ஜெயித்தது. அதுதான் எனக்குக் கெட்ட நேரம்.

அப்புறம் "டிரெய்னர் தகவல்" என்று ரேஸுக்கு 5,000 ரூபாய், என் பந்தயப் பணம் தனி. தோற்றால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்: ஜாக்கி இழுத்துப் பிடித்துவிட்டான், ரேஸ் தொடங்கும் கேட்டிலேயே குதிரை தாமதமாகிவிட்டது. ஏழு வாரத்தில் 86,000 ரூபாய் போனது. அதில் பாதி மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்தது. அதை வீட்டில் சொன்ன இரவு இன்னும் மறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ரேஸ் புக்கைப் பிரித்தார். அதே சிவப்பு வட்டம், அதே வால். அதே ரேஸ்தான். எனக்குக் கொடுத்தது 5, அவருக்கு 9. இருவரும் எதுவும் பேசாமல் புக்குகளை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்துக் குதிரை ஓடினால் பத்தையும் ஆளுக்கொன்றாக விற்பது. ஏதோ ஒன்று ஜெயிக்கத்தானே வேண்டும். அந்தக் குதிரை கிடைத்தவர் இவரைத் தெய்வமாக நினைத்து மறுவாரமும் பணத்தோடு வருவார். தோற்றவர் வெட்கப்பட்டு வாய் திறக்க மாட்டார். எங்கள் வெட்கம்தான் அவருக்கு முதலீடு.

கொஞ்சம் யோசித்திருந்தால் முதலிலேயே புரிந்திருக்கும். ஹேண்டிகேப் ரேஸ் என்பதே எல்லாக் குதிரைக்கும் சமவாய்ப்புக் கொடுக்கத்தான். ரேட்டிங், அதாவது திறமைக்கான மதிப்பெண், அதிகமுள்ள குதிரை சுமக்க வேண்டிய எடை அதிகம். ஜாக்கியின் எடை போதாவிட்டால் ஈயத் தகடு சேர்க்கிறார்கள். எல்லாம் ஒன்றாக வந்து முடிய வேண்டும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு ஓர் அதிகாரி கணக்குப் போடுகிற ரேஸில், "ஷ்யூர்" என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இதை அந்த டிப்ஸ்காரரிடம் கேட்டால், "குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்பார். 1996இல் தீர்ப்பு வந்தது உண்மைதான். அது பந்தயம் சூதாட்டமா என்கிற கேள்விக்கான பதில். டிப்ஸ் விற்கிறவருக்குக் கொடுத்த சான்றிதழ் இல்லை. தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். நல்ல குதிரையைத் தேர்ந்தெடுத்தாலும் கையில் மிஞ்சுவது குறைவு, அதில் இவர்களுக்கும் பங்கு.

2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தது. டிப்ஸ் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. நான் ரொக்கமாகக் கொடுத்ததால் புகார் கொடுக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நீங்கள் யுபிஐயில் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். ஸ்கிரீன்ஷாட்களை அழிக்காதீர்கள்.

போன மாதம் என் மைத்துனர் இப்படி ஒரு குழுவில் 3,000 கட்டிச் சேர்ந்திருந்தார். நான் சொன்னதை நம்பவில்லை. சரி, என் தங்கையின் எண்ணிலிருந்தும் பணம் கட்டிச் சேருங்கள் என்றேன். ஞாயிறு காலை இரண்டு போன்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒரே ரேஸ். அவருக்கு 3ஆம் நம்பர், தங்கைக்கு 7.