பாராசிட்டமாலா, இப்யூப்ரோஃபெனா? கூடவே என்ன கொடுக்கிறீர்கள்?

இரண்டில் எது காய்ச்சலைச் சீக்கிரம் இறக்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இப்யூப்ரோஃபென் சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும், சரி. ஆனால் குழந்தைக்கு ஏற்கெனவே வேறு மருந்து போய்க்கொண்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பாராசிட்டமால் பெரும்பாலான மருந்துகளோடு ஒத்துப்போகும். அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்கோடு தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 4 முதல் 6 மணி நேர இடைவெளி. சிக்கல் எங்கே என்றால், சளி, இருமல் சிரப்புகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால் கலந்திருக்கிறது. பாட்டிலின் பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்று. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று கொடுத்தால் இரட்டை அளவு உள்ளே போய்விடும்.

அளவிலும் குழப்பம் உண்டு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்பது, 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 6 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான். மாற்றி 6 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு! அளவு மீறியது தெரிந்தால், குழந்தை சிரித்து விளையாடினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாமலே இருக்கலாம். அதன் நச்சை முறிக்கும் மருந்தை முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

இப்யூப்ரோஃபென் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெஃபனாமிக் அமிலமும் இதே குடும்பம். இரண்டையும் சேர்க்கவே கூடாது. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். சின்னம்மைக்கும் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். எனக்கு முதல் தேர்வு பாராசிட்டமால்தான்.

ஆஸ்பிரின் இந்தப் போட்டியிலேயே இல்லை. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய் குழந்தைகளுக்கு அதனால் வரலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் வந்தால் எந்த பாட்டிலையும் திறக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாமா? ஒரே நேரத்தில் வேண்டாம். ஒன்றைக் கொடுத்தும் அடுத்த வேளை வருவதற்குள் குழந்தை மறுபடி துவண்டுபோனால் மட்டும் மற்றதை யோசிக்கலாம். அப்புறம், கொடுத்த மணியையும் மருந்தையும் எழுதி பாட்டில் பக்கத்திலேயே வையுங்கள். நடு ராத்திரியில் அம்மா கொடுத்ததை அறியாமல் அப்பாவும் எழுந்து கொடுப்பது அடிக்கடி நடக்கிற கதை.