கோழிக்கூண்டில் எலித்தொல்லை: கொடுத்த காசுக்கு எது உழைக்கும்?

புறக்கடையில் பத்து நாட்டுக்கோழி வளர்ப்பவர் எலிக்கு மருந்து கேட்டுக் கடைக்குப் போனால், முதலில் எடுத்து நீட்டப்படுவது விஷக்கட்டி. அடுத்தது ஒட்டு அட்டை. இரண்டுமே கடைசியாக யோசிக்க வேண்டியவை. முதல் செலவு ஹார்டுவேர் கடையில்தான்: அரை அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய, பற்றவைத்த இரும்புக்கம்பி வலை.

“கோழி வலை” என்று மட்டும் கேட்டால் அறுகோணக் கண் வலையைத்தான் வெட்டித் தருவார்கள். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும், எலிக்குப் போதாது. குட்டி எலி முக்கால் அங்குலக் கண்ணில் தாராளமாக நுழையும். வளர்ந்த எலி அந்த மெல்லிய கம்பியைக் கடித்தே வழி பண்ணிக்கொள்ளும். பச்சை பிளாஸ்டிக் வலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மெஷ் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 19 அல்லது 20 கேஜ் நல்லது, 24 வேண்டாம். ஒரு மூலையைக் கையால் முறுக்கிப் பாருங்கள். பற்றவைத்த இடம் விட்டுவந்தால் அந்த ரோலைத் தொடாதீர்கள். மூன்றாவது துத்தநாகப் பூச்சு. வெல்டு செய்த பிறகு பூசியதில் கம்பிகள் சேரும் இடத்தில் பூச்சு திரண்டு நிற்கும். பூசிய கம்பியைப் பிறகு வெல்டு செய்ததில் அந்த இடம் கருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும், துரு அங்கேதான் பிடிக்கும். கோழி எச்சத்தின் அம்மோனியா படுகிற இடமென்பதால் முதல் வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பதே சரி.

ஆறுக்கு நாலு அடி கூண்டுக்குச் சுற்றளவு 20 அடி. மூன்றடி அகல மெஷ்ஷை எல் வடிவில் மடித்து, இரண்டடி சுவரில் ஏறும்படியும் ஓரடி வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கும்படியும் வையுங்கள். நான்கு மூலையிலும் ஓரடிக்கு ஓரடி சதுரம் திறந்து நிற்கும். அதை மூடத் துண்டு வேண்டும் என்பதால் 23 அடி வாங்குங்கள். படுத்திருக்கும் பகுதியை மண்ணும் செங்கல்லும் போட்டு மூடிவிடலாம். பெருச்சாளி சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். கம்பி தட்டினால் பக்கத்தில் நகர்ந்து மறுபடி சுவரோரத்திலேயே முயலுமே தவிர, ஓரடி பின்வாங்கித் தோண்டுவது அபூர்வம். செங்குத்தாகப் புதைக்க ஒன்றரை அடிப் பள்ளம் வெட்ட வேண்டும். அந்த உழைப்பு இதில் மிச்சம்.

மேல் பகுதிக்கும் இதே மெஷ்தான். வீட்டெலி மரமேறும், சுவரேறும். கீழே மட்டும் அடைத்தால் கூரை வழியாக இறங்கும். பலர் கோட்டை விடுவது கூரைத் தகட்டின் நெளிவில். சுவர்மேல் தகடு உட்காரும் இடத்தில் ஒவ்வொரு நெளிவுக்கடியிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கும். மிஞ்சிய மெஷ் துண்டுகளைச் சுருட்டி அதில் திணியுங்கள். மரக்கதவின் அடியில் ஆறங்குலத் தகரப்பட்டை அடியுங்கள்.

இந்த மெஷ்ஷுக்கு ஒரு குறை உண்டு: சுண்டெலியை நிறுத்தாது. அதற்கு 6 மில்லிமீட்டர் சந்தே போதும். கால் அங்குல மெஷ் தடுக்கும், ஆனால் விலை அதிகம். தூசியும் இறகும் அடைத்துக் காற்றோட்டமும் குறையும். ஆகவே சுண்டெலிக்குத் தீவனத்தில்தான் கைவைக்க வேண்டும். கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம். எலி ஒன்று 15 முதல் 25 கிராம் தின்னும். ஆறு எலி சேர்ந்தால் ஒரு கோழியின் பங்கு போயிற்று, எச்சமும் மூத்திரமும் பட்டு வீணாவது தனி. பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோகும் அளவே வையுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மூட்டையைக் கூண்டுக்குள் வைக்கவே கூடாது. இறுக்கமான மூடி போட்ட தகர டின் போதும்.

அடுத்த செலவு கம்பி எலிக்கூண்டு. புனல்வாய் வைத்துப் பல எலி பிடிக்கும் வகை சுண்டெலிக்குக் கைகொடுக்கும். வீட்டெலிக்கு விசைக்கதவு உள்ள ஒற்றைக்கூண்டே மேல். கம்பி இடைவெளி நெருக்கமாக இருக்கிறதா, கதவு விழுந்தபின் கொக்கி பூட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூண்டு வாங்கிய அன்றே விசை ஏற்றுவதால்தான் பலருக்கு எலி விழுவதில்லை. வீட்டெலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கும். இரை மட்டும் வைத்து, கதவைக் கட்டித் திறந்தே மூன்று இரவு விடுங்கள். இரை காலியானால் நாலாம் இரவு விசையை ஏற்றுங்கள். சுவரை ஒட்டி, எலி ஓடும் தடத்தில் வையுங்கள். தானியம் கொட்டிக்கிடக்கிற இடத்தில் தானிய இரை எடுபடாது. கருவாடு, சுட்ட தேங்காய்ச் சில்லு, எண்ணெய்ப் பலகாரம் எடுபடும். கையாளும்போது கையுறை கட்டாயம், ஏனென்றால் எலிக்காய்ச்சல் மூத்திரம் வழியாகத்தான் பரவுகிறது. எலி பிடித்தபின் எலிக்கூண்டைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

ஒட்டு அட்டை கோழிக்கூண்டுக்கு லாயக்கில்லை. உமித் தூசி படிந்தால் பசை செத்துப்போகும், அதற்குள் குஞ்சு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிய்க்காமல் சமையல் எண்ணெய் தடவி மெல்ல விடுவியுங்கள். காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கிற மீயொலிக் கருவிக்கும் காசு கொடுக்காதீர்கள். அந்த ஒலி சுவரையோ மூட்டையையோ தாண்டாது, எலியும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். 2001-ல் அமெரிக்க வணிக ஆணையம் இவற்றை விற்ற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

விஷத்தில் மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது; யாராவது விற்றாலும் வாங்காதீர்கள், அதற்கு மாற்று மருந்து கிடையாது. துத்தநாக பாஸ்பைடு வயலுக்கு உரியது, கோழி சிறிது கொத்தினாலும் சாகும். வேறு வழியே இல்லை என்றால் 0.005 சதவீத ப்ரோமாடியோலோன் கட்டி. மூன்றங்குல விட்டமும் இரண்டடி நீளமும் உள்ள பிவிசி குழாயின் நடுவில் கட்டியைக் கம்பியால் கட்டி, கூண்டுக்கு வெளியே சுவரோரம் வையுங்கள். கோழியின் அலகு அவ்வளவு தூரம் எட்டாது. தின்ற எலி சாக நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரமும் ஆகும். அதுவரை தினமும் விடியலில் கோழிகளைத் திறந்துவிடும் முன்பே சுற்றிப் பார்த்து, செத்த எலிகளைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். சுண்டெலி கிடந்தால் கோழியே கொத்தித் தின்னும். நாயோ பூனையோ தின்றுவிட்டால் கட்டியின் உறையோடு கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள், வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு.