தூத்துக்குடியில் நின்றுபோன ஆத்தங்குடிக் கல்

மலேசியாவில் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுச் சாமி அறைக்கு, காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்கிற தரைக்கல்தான் வேண்டும் என்று எங்கள் வீட்டு ஆச்சிக்கு ஆசை. கல் வாங்கியதில் குறையே இல்லை. கண்ணாடித் தகட்டில் சாயம் ஊற்றுகிற அந்தக் கைவேலை அப்படியே இருக்கிறது.

வினை சரக்கு ஏஜெண்டிடம் ஆரம்பித்தது. "பெட்டி அடிச்சுக் கொண்டாங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றார். மாம்பலகையில் பெட்டி அடித்து, கல்லுக்குக் கல் வைக்கோல் திணித்து, வேனில் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தோம். கிடங்கில் ஒரு தம்பி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, பலகை பலகையாகத் தடவிப் பார்த்தார். குனிந்து அடிப்பலகையையும் பார்த்தார். "அண்ணாச்சி, முத்திரையே இல்லியே. இது கப்பல் ஏறாது. வைக்கோலையும் எடுத்திருங்க."

மரத்துக்குள் பூச்சி ஒளிந்து நாடு தாண்டக் கூடாது என்பதற்கான உலக விதி இது. சூடேற்றும் முறை என்றால், பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிடம் நிற்க வேண்டும். அதன் பிறகே கோதுமைக் கதிர் போட்ட முத்திரை விழும். நியாயமான விதிதான், அந்தத் தம்பிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நின்று பொறுமையாக விளக்கியவர் அவர் ஒருவர்தான். ஆனால் முன்பணம் வாங்கிய ஏஜெண்ட் இதை ஏன் சொல்லவில்லை? கிள்ளானில் நான் பழகிய ஏஜெண்டுகளிடம் விலை விசாரித்தாலே பெட்டி எப்படி அடிக்க வேண்டும் என்பதும் கூடவே வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வணிகம் செய்யப் போனது நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறித்தான். எங்கள் ஊர் வீட்டு வளவின் (உள்முற்றத்தின்) தூண்கள் கடல் வழியாக வந்த பர்மாத் தேக்கு. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் தூத்துக்குடி. அந்த ஊர்த் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாகி, 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே போய் நம் ஊர்க் கல்லோடு விழித்துக்கொண்டு நின்றது மனதை அறுக்கிறது. துறைமுக நிர்வாகமே இந்த விதியைத் தமிழில் ஒரே ஒரு தாளாக அச்சடித்து, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஏஜெண்டுகளின் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னால் எத்தனை பேருக்கு அலைச்சல் மிச்சம்!

பெட்டியைப் பிரித்ததில் சில கல்லுக்கு ஓரம் போயிற்று. முத்திரை போட்ட பலகை வாங்கி, மறுபடி கட்டி, கூலியும் தண்டம் அழுதோம். மலேசியாவுக்குக் கல் அனுப்ப நினைக்கும் நம்மவர்கள், பெட்டி அடிக்கும் முன்பே முத்திரைப் பலகை எங்கே கிடைக்கும் என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.