ஷார்ஜாவில் எடுத்த வாடகைக் கார்: வண்டி நன்றாக இருந்தது, டெபாசிட்டில்தான் இழுபறி

போன டிசம்பரில் குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சான் காரை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பதால், ரோலா பக்கம் ஒரு சின்னக் கடையில் ஆறு நாளைக்கு நிசான் சன்னி எடுத்தேன். கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பி வந்ததில் இருந்து, டூரிஸ்ட் விசாவில் போனால் அங்கே கார் ஓட்ட விடுவார்களா என்று நாலு பேராவது கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஓட்டலாம். நம் லைசென்ஸோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் கையில் இருக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து 1000 ரூபாய் கட்டி, சித்தூர் ஆர்.டி. ஆபீஸ் வழியாக வாங்கினேன் (ஆந்திரா சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர்). பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் எல்லாம் கேட்பார்கள், கிடைத்தால் ஒரு வருஷம் செல்லும். கிளம்புகிற வாரம் ஓடாதீர்கள், ஒரு மாசம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம், இது நம்மைப் போல் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு மட்டும்தான். அக்காவிடமும் கேரளா லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் அவர் அங்கே ரெசிடென்ஸ் விசாவில் இருப்பதால் அந்த நாட்டு லைசென்ஸ் எடுக்காமல் ஓட்ட முடியாது.

கடைக்காரர் திருச்சூர்க்காரர். நம் பக்கத்து ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது அங்கே போனால்தான் தெரியும். மலையாளத்தில் பேசி, நாள் வாடகை 110 திர்ஹாம் என்று சொன்னதை 95க்குக் கொண்டுவந்தேன், அதற்கு மேல் 5 சதவீதம் வாட், ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் வரை. பாஸ்போர்ட் நகல் மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரிஜினலை வைத்துவிட்டுப் போங்கள் என்று யாராவது கேட்டால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏசி அருமை, டயர் புதுசு, கோர்ஃபக்கான் மலைச் சாலையில் நாலு பேரும் சாமானும் இருந்தும் திணறவில்லை. ஆனால் ஸ்டியரிங் இடது பக்கம், வண்டிகள் வலது பக்கம் போகும். இதில் நேர் சாலை பிரச்சினையே இல்லை, ரவுண்டானாதான் கவனம். அங்கே இடது பக்கம் இருந்து வருகிற வண்டிக்கு நாம் நின்று வழி விட வேண்டும், நமக்கோ பழக்கத்தில் கண் வலது பக்கம் போகும். முதல் இரண்டு நாள் மனைவியை முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு ரவுண்டானாவுக்கும் "இடது பாருங்க, இடது பாருங்க" என்று சொல்லச் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

டோல் விஷயம் வேறு. வாளையார் பக்கம் போல் கம்பம் விழுந்து எழாது. மேலே கேமரா இருக்கும், வேகத்தைக் குறைக்காமலே கடந்துவிடுவோம், காசு கழிந்துவிடும். ஷார்ஜாவில் இருந்து அல் இத்திஹாத் சாலையில் துபாய் போனால் அல் மம்சாரில் ஒன்று இருக்கிறது. சாலிக் என்று பெயர், நெரிசல் நேரத்தில் 6 திர்ஹாம், மற்ற நேரத்தில் 4, இரவு 1 மணியில் இருந்து காலை 6 வரை இல்லை. கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு திர்ஹாம் சேர்த்துப் போட்டார், முன்கூட்டியே சொல்லவில்லை. வேகத்தையும் கேமராதான் பிடிக்கும், துபாயில் போர்டில் எழுதியதற்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா விட்டுவிடும், அபுதாபியில் 2018இல் இருந்து அந்தச் சலுகை கிடையாது. அபுதாபி போகிறவர்கள் போர்டைப் பார்த்தே ஓட்டுங்கள்.

திருப்பிக் கொடுத்த அன்றுதான் மனசு கஷ்டப்பட்டது. கடைப் பையன் செல்போன் லைட்டை அடித்துக்கொண்டு பின் பம்பருக்குக் கீழே குனிந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு "இது புதுசு, 300 திர்ஹாம்" என்றான். அங்கே சின்னக் கீறல் என்றாலும் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் தொட மாட்டார்கள், ரிப்போர்ட் இல்லையென்றால் முழுச் செலவும் ஓட்டியவர் தலையில்தான். நல்லவேளை, எடுத்த அன்று காரைச் சுற்றி வந்து வீடியோ எடுத்திருந்தேன், அதில் அதே கீறல் தெரிந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு "சாரமில்ல சேட்டா" (பரவாயில்லை அண்ணா) என்று விட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் வீடியோ இல்லாத ஆள் என்ன செய்வார்? சாவி வாங்கியதும் பம்பருக்கு அடியில், கூரை, நாலு வீல், கிலோமீட்டர் மீட்டர் எல்லாம் எடுத்து வாட்ஸப்பில் அவருக்கே அனுப்பிவிடுங்கள், தேதியும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும்.

அப்புறம் டெபாசிட். 1500 திர்ஹாம், நம் காசில் 36,000 ரூபாய்க்கு மேல். டெபிட் கார்டு செல்லாது, ஓட்டுகிறவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும் என்றார். ஃபைன் பின்னால் வரும் என்பதால் சில வாரம் பிடித்து வைப்பது நியாயம்தான், அதை நான் ஏற்கிறேன். ஆனால் பணத்தைக் கார்டில் பிளாக் செய்வது வேறு, எடுத்தே விடுவது வேறு. பிளாக் என்றால் அப்படியே விடுபட்டுவிடும். இவர் எடுத்துவிட்டார். எடுத்தபோது ஒரு ரேட், திருப்பிப் போட்டபோது ஒரு ரேட், நடுவில் பேங்க் போடுகிற ஃபாரின் கரன்சி சார்ஜ் தனி. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தக் காசு மிச்சம்.

38ஆவது நாள்தான் டெபாசிட் பணம் வந்தது, ஃபைன் ஒன்றுமே இல்லாமல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் குறைவாக. சாலிக் கணக்கை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள் என்று இரண்டு தடவை மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.